முடியும்போதே நிறுத்துவது: நாள்பட்ட வலியோடு அன்றாட வேலை

நாள்பட்ட வலி உள்ளவர்களுக்கு இரண்டு வகை நாட்கள் உண்டு. வலி கொஞ்சம் தணிந்திருக்கும் நாள் ஒன்று, எழவே முடியாத நாள் இன்னொன்று. தணிந்த நாள் வந்துவிட்டால் போதும், தள்ளிப்போட்ட வேலை எல்லாம் வரிசையாக நினைவுக்கு வரும். பரணில் கிடக்கும் பாத்திரத்தை இறக்கித் துலக்கி, வீட்டின் இரண்டாம் கட்டைக் கழுவிவிட்டு, மாவரைத்து, அப்படியே கடைத்தெருவுக்கும் போய் வந்துவிடுவோம். மறுநாள் காலையில் கட்டிலை விட்டு இறங்க முடியாது. இரண்டு மூன்று நாள் படுக்கையிலேயே போகும். தணிந்ததும் மறுபடி பரண், மறுபடி படுக்கை.

இந்தச் சுழலை உடைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. பிசியோதெரபிஸ்ட்கள் அதை பேசிங் (pacing), அதாவது அளந்து நடப்பது, என்பார்கள். அடிப்படை ஒன்றுதான்: வலி வந்து நிறுத்துகிற வரை வேலை செய்யாமல், இன்னும் முடியும் என்கிறபோதே, கடிகாரத்தைப் பார்த்து நிறுத்துவது. கேட்க எளிது, செய்யக் கஷ்டம். அதிலும் செட்டிநாட்டு வீடுகளில், பெண்கள் உட்காருவதே இல்லை என்பதைப் பெருமையாகச் சொல்லும் ஊர்களில், இன்னும் கஷ்டம். மூட்டுகளை வீங்கி இறுக வைக்கும் முடக்குவாதத்தோடு காரைக்குடியில் குடும்பம் நடத்துகிற நான் இதை விரிவாக எழுதுவது அதனால்தான்.

முதலில் நாள்பட்ட வலி என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, விட்டுவிட்டுத் திரும்பத் திரும்ப வந்தாலோ அதை நாள்பட்ட வலி என்று மருத்துவம் கணக்கில் வைக்கிறது. விரலை அரிவாள்மணையில் வெட்டிக்கொண்டால் வரும் வலி வேறு. அது காயத்தைச் சொல்கிறது, காயம் ஆறினால் போய்விடும். நாள்பட்ட வலியில் இந்தத் தொடர்பு குலைந்துவிடுகிறது. மாதக்கணக்கில் வலியைச் சுமந்த நரம்புகளும் தண்டுவடமும் மூளையும் கூடுதலாகக் கூர்மையடைந்துவிடுகின்றன. முன்பு வலிக்காத சிறு தொடுகை, சிறு அசைவு, ஒரு ராத்திரி தூக்கக் குறைவு கூட வலியாகத் தெரியும். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் வலி உண்மையாகவே இருக்கும். கற்பனை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதே சமயம், வலி கூடியதால் உள்ளே ஏதோ உடைந்துவிட்டது என்று ஒவ்வொரு முறையும் பயப்படவும் வேண்டாம்.

முடக்குவாதம், தேய்மான மூட்டுவலி, உடம்பெங்கும் வலிக்கிற ஃபைப்ரோமயால்ஜியா, முதுகுத் தண்டுப் பிரச்சினை, சர்க்கரை நோயால் வரும் கால் எரிச்சல் என்று காரணங்கள் பல. சிக்குன்குனியாவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2006இல் அது தமிழ்நாட்டில் பரவியபோது காய்ச்சல் என்னவோ சில நாளில் விட்டது. ஆனால் சிலருக்கு மூட்டுவலி மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் நின்றது. "அந்தக் காய்ச்சல் வந்ததிலிருந்து" என்று தொடங்கிப் பேசுபவர்களை இன்றும் கேட்கலாம்.

சரி, கடிகாரத்துக்கு வருவோம். 1970களில் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த வில்பர்ட் ஃபோர்டைஸ் என்ற உளவியலாளர் இதில் முக்கியமானவர். வலி வரும்வரை வேலை, வலி வந்ததும் ஓய்வு என்று பழகிவிட்டால், ஓய்வுக்குப் போகிற ஒரே வாசல் வலிதான் என்று உடம்பு கற்றுக்கொண்டுவிடும் என்பது அவர் பார்வை. அதனால் வேலையையும் ஓய்வையும் நேரத்தாலோ எண்ணிக்கையாலோ முன்கூட்டியே அளந்துவிடச் சொன்னார். இன்று பிசியோதெரபியில் சொல்லித்தரும் பல பழக்கங்களுக்கு வேர் அங்கே இருக்கிறது.

பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டித் தொழில் நடத்த, போன குடும்பங்கள் நிறைந்த இந்தப் பகுதியில், இதைக் கணக்காகச் சொன்னால் சட்டென்று புரியும். வட்டியில் சாப்பிடலாம், முதல் பணத்தில் கை வைக்கக் கூடாது. ஒரு நல்ல நாளில் கையில் இருப்பதை எல்லாம் செலவழிப்பவர் முதலையே எடுத்துவிடுகிறார். அடுத்த மூன்று நாள் வரவே இருக்காது. மோசமான நாளில் செய்வதைவிடக் கூடுதலாகவும், நல்ல நாளில் முடிவதைவிடக் குறைவாகவும் ஒரு நடு அளவைப் பிடித்துக்கொண்டு, அதைத் தினமும் செய்வதுதான் பேசிங்.

அந்த நடு அளவை எப்படிக் கண்டுபிடிப்பது? நிற்பதை எடுத்துக்கொள்ளலாம். வெள்ளைப் பணியாரம் ஊற்றுகிறவர்களுக்குத் தெரியும், அதை ஒரே ஈட்டில் போட்டு எடுக்க முடியாது. ஒவ்வொரு கரண்டியாக எண்ணெயில் ஊற்றி, அது உப்பி மேலே வந்ததும் திருப்பி, வெள்ளை மாறுவதற்குள் எடுக்க வேண்டும். வீட்டில் எட்டுப் பேர் இருந்தால் முக்கால் மணி நேரம் அடுப்பு முன்னால் நிற்க வேண்டியிருக்கும். இடுப்பு வலி உள்ளவர் ஒருவர் மூன்று நாள் சமையலில் தொடர்ந்து நின்று பார்க்கிறார். திங்கட்கிழமை 25 நிமிடத்தில் இடுப்பு கடுக்கத் தொடங்குகிறது, செவ்வாயன்று 15, புதனன்று 20. சராசரி 20. அதில் ஐந்தில் நாலு பங்கு 16. ஆக 15 நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். அதுதான் அவர் தொடங்க வேண்டிய அளவு. செல்போனில் 15 நிமிடம் அலாரம். அது அடித்ததும், இடுப்பு நன்றாக இருந்தாலும் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி ஊற்றலாம். மாவு கெட்டுப்போகாது.

"நன்றாக இருந்தாலும்" என்பதுதான் இதில் உயிர். நன்றாக இருக்கும்போது நிறுத்த மனசு வராது. இன்னும் நாலுதானே, ஊற்றிவிட்டு உட்காருவோம் என்று தோன்றும். அந்த நாலில்தான் மறுநாள் போகிறது. இந்த அளவு ஒன்றிரண்டு வாரம் சிரமமில்லாமல் நின்றுவிட்டால், ஓரிரு நிமிடம் கூட்டலாம். வாரத்துக்கு ஓரிரு நிமிடம் என்பது பார்க்க அற்பமாகத் தெரியும். ஆனால் ஆறு மாதத்தில் அது எங்கே போய் நிற்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அலாரத்துக்குப் பழகிய பல்லத்தூர் ஆச்சி ஒருவர், நடப்பதை முகப்பிலிருந்து நடு முற்றமான வளவைக் கடந்து பின்கட்டு வரை ஒரு நடை என்று எண்ணிக்கையில் வைத்துக்கொண்டார். அந்த நீள வீட்டில் அதுவே நல்ல நடை. தெரு வெயிலும் இல்லை, மாட்டுக்குப் பயப்படவும் வேண்டாம்.

எல்லா வேலைக்கும் ஒரே அளவு இருக்காது. நிற்பதற்கு ஒன்று, தரையில் உட்காருவதற்கு ஒன்று, விரல் வேலைக்கு ஒன்று, ஆட்களோடு பேசிக்கொண்டிருப்பதற்கும் ஒன்று உண்டு. கடைசியில் சொன்னதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. விருந்தாளிகளோடு இரண்டு மணி நேரம் சிரித்துப் பேசுவதும் தெம்பைத் தின்னும்.

ஓய்வு என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதிலும் குழப்பம் இருக்கிறது. டிவி முன்னால் உட்கார்ந்து கீரை ஆய்வது ஓய்வு ஆகாது, விரல் வேலை செய்கிறது. வலிக்கிறதே என்று நாள் முழுக்கப் படுத்துக்கிடப்பதும் உதவாது. தசை இளைக்கும், மூட்டு இறுகும், ராத்திரித் தூக்கம் கெடும். இடையிடையே ஐந்து பத்து நிமிடம் உட்கார்ந்தோ சாய்ந்தோ கண்ணை மூடி மூச்சை நிதானமாக விடுவது போதும். அதற்குப் பதிலாக வேலையின் வகையையும் மாற்றலாம். நின்று செய்த பிறகு உட்கார்ந்து செய்வது, கை வேலைக்குப் பிறகு ஒரு நடை.

நோய்க்கு நோய் நேரமும் மாறும். முடக்குவாதக்காரர்களுக்குக் காலையில் மூட்டு இறுகிக்கொண்டு அரை மணி, ஒரு மணி, சில சமயம் அதற்கு மேலும் விடாது. வாசல் தெளித்துக் கோலம் போடுவதை அவர்கள் தலையில் கட்டுவது நியாயமில்லை. சுடுதண்ணீரில் கையை வைத்து அசைத்து, பத்து மணிக்கு மேல் வேலையைத் தொடங்கலாம். தேய்மான மூட்டுவலியில் காலை இறுக்கம் பொதுவாக அரை மணிக்குள் விட்டுவிடும். அவர்களுக்குப் பொழுது ஏற ஏறத்தான் வலி கூடும். அதனால் அவர்கள் கனமான வேலையைக் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது. ஒரே வீட்டில் மாமியாருக்கு ஒன்றும் மருமகளுக்கு இன்னொன்றுமாக இருந்தால், காலை வேலை ஒருவருக்கு, மாலை வேலை ஒருவருக்கு என்று பிரித்துக்கொள்ளலாம்.

ஒரு நோய்க்கு மட்டும் அளவைக் கூட்டிக்கொண்டே போகிற விதி பொருந்தாது. எம்.இ. எனப்படும் நாள்பட்ட களைப்பு நோயிலும், அதே குணம் காட்டும் நீண்டகால கோவிட் பாதிப்பிலும், சிறிய உழைப்புக்குக்கூட ஒரு நாள், இரண்டு நாள் கழித்து உடம்பு மொத்தமாகச் சரிந்துவிடும். எம்.இ. உள்ளவர்களைப் படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டச் சொல்லும் சிகிச்சை கூடாது என்று இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டல் அமைப்பான நைஸ் 2021இல் தன் வழிகாட்டலை மாற்றியது. இந்த இரு சாராருக்கும் எல்லைக்குள் இருப்பதுதான் பேசிங், எல்லையைத் தள்ளுவது கிடையாது. யாருக்காவது இந்தச் சாயல் இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இனி, அளவு எல்லாம் பறந்துபோகிற இடம்: விசேஷம். செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளில் பலர் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இருப்பார்கள். கல்யாணம், அறுபதாம் கல்யாணம், பிள்ளையார் நோன்பு என்றால் ஊருக்கு வந்து பூட்டிக்கிடந்த வீட்டைத் திறப்பார்கள். வௌவால் எச்சம், தூசி, ஒட்டடை. பதித்திருக்கும் ஆத்தங்குடிப் பூக்கல் தெரிகிற அளவுக்குத் தரையைத் தேய்த்துக் கழுவி, வெண்கலப் பாத்திரத்தை எடுத்துப் புளி போட்டுத் துலக்கி, இரண்டு நாளில் மாத வேலையைச் செய்துவிட்டு, விசேஷத்தன்று தூணில் சாய்ந்துகொண்டு நிற்பார்கள். வலி உள்ளவர்கள் இதற்கு நாலு நாள் முன்பே வர வேண்டும், அல்லது சுத்தம் செய்ய ஆள் வைத்துவிட்டு விசேஷத்துக்கு மட்டும் வர வேண்டும். விசேஷத்துக்கு மறுநாளைக் காலியாக வைப்பதையும் திட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். மறுநாளே ரயிலுக்கு டிக்கெட் போடுகிறவர்கள் அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.

பலகாரம் செய்வது தனிக் கதை. கைமுறுக்கு சுற்றுவதைக் கிட்டே போய்ப் பார்த்தால் அது எவ்வளவு விரல் வேலை என்று புரியும். துணியை விரித்துத் தரையில் உட்கார்ந்து, மாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து முறுக்கிக்கொண்டே வட்டமாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். விரல் கணுக்களில் வீக்கம் உள்ளவர்களுக்கு இதைவிட மோசமான வேலை இல்லை. ஆனால் கை பழகியவர்கள் இதைத்தான் விட மாட்டேன் என்பார்கள், விடவும் வேண்டாம். மேசை மேல் துணியை விரித்து நாற்காலியில் உட்கார்ந்து, பத்து சுற்றியதும் கையை விரித்து மூடி ஆறவிட்டு, மறுபடி பத்து. எண்ணெய்ச் சட்டியைத் தூக்குவது, மாவு பிசைவது, வேக வைத்து எடுப்பது வேறு ஒருவர் வேலை. பனையோலையில் கொட்டான் கூடை முடைகிற பெண்களுக்கும் இதே கணக்கு பொருந்தும். ஒரு கொட்டானை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன் என்று உட்காராமல், இத்தனை சுற்று என்று வைத்துக்கொள்ளலாம். ஆத்தங்குடியில் தரைக்கல் ஊற்றுகிறவர்களும் குனிந்த முதுகை நிமிர்த்த அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நின்றால் போதும்.

இது எதுவும் வீட்டார் ஒத்துழைக்காமல் நடக்காது. வலி வெளியே தெரிவதில்லை. "நேத்து பூராவும் நல்லாத்தானே நடமாடிக்கிட்டிருந்தே, இன்னிக்கு என்ன?" என்ற கேள்வி பல வீடுகளில் ஒலிக்கும். அலாரம் அடித்ததும் உட்காருபவரைச் சோம்பேறி என்று நினைப்பார்கள். தேவகோட்டையில் ஒரு வீட்டில் மருமகள் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. "அத்தை, நான் இப்போ உக்காந்தா ராத்திரி வரைக்கும் உங்க கூட வேலை பார்ப்பேன். இப்போ உக்காரலைன்னா நாளைக்கும் நாளன்னைக்கும் நீங்க மட்டும்தான் பார்க்கணும்." அத்தை யோசித்துவிட்டு, "அப்போ உக்காரு தாயி, அந்தக் காயை இங்கே தள்ளு" என்றார். பரிதாபம் கேட்பதைவிட இப்படிக் கணக்கைச் சொல்வது நன்றாக வேலை செய்கிறது. உதவி கேட்கும்போதும் "கொஞ்சம் உதவி பண்ணுங்க" என்று பொதுவாகக் கேட்டால் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. "கிரைண்டர் கல்லைத் தூக்கி வைங்க", "பால் பாத்திரத்தை இறக்குங்க" என்று வேலையைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

ஆண்கள் விஷயத்தில் எனக்குக் கவலை அதிகம். கடையில் நாள் முழுக்க நிற்கிற ஐம்பது வயதுக்காரர் முதுகு வலிக்கிறது என்று சொல்லவே மாட்டார். மருந்துக்கடையில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு நிற்பார். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை மருத்துவர் கவனிப்பில்லாமல் மாதக்கணக்கில் போட்டால் வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகம் கெடலாம். பெயர் இல்லாத பொட்டலத்தில் தரும் மூட்டுவலிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது இந்தியாவில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. சாப்பிட்ட இரண்டாம் நாளே வலி பறந்துவிட்டது என்று யாராவது புகழ்ந்தால் அங்கேதான் சந்தேகப்பட வேண்டும். ஏற்கெனவே அப்படி ஏதாவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் தானாகச் சட்டென்று நிறுத்திவிடாமல், அதைக் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும். முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே நாள் சாப்பிடும் மருந்து. தினமும் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. அந்தக் கிழமையைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்து, வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லிவிட வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடிய மாற்றங்கள் அதிகம் செலவில்லாதவை. அடுப்படியில் உயரமான முக்காலி, தினமும் எடுக்கும் பாத்திரங்களை இடுப்பு உயரத்தில் வைப்பது, குடத்துக்குப் பதில் சின்ன வாளியில் இரண்டு நடை, குழாய்க்கு நீளமான கைப்பிடி. பழைய வீட்டு நிலைவாசல்படிகள் உயரமானவை. அதன் ஓரத்தில் சுவரில் ஒரு பிடிகம்பி அடித்தால் முழங்கால் வலிக்காரர்களுக்குப் பெரிய உபகாரம். கழிப்பறைக்கு மேற்கத்திய பாணி கோப்பை. இவ்வளவுதான்.

தூக்கமும் மனசும் வலியோடு பின்னிக்கிடக்கின்றன. தூங்காத ராத்திரிக்கு மறுநாள் வலி கூடும். வலி கூடினால் தூக்கம் போகும். மாதக்கணக்கில் இப்படிப் போனால் மனச்சோர்வு வருவது சாதாரணம், அது பலவீனம் கிடையாது. பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் டெலி மானஸ் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. நடமாட முடியாதவர்களுக்கு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபி வருகிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பதிந்துகொள்ளலாம்.

எவ்வளவு அளந்து நடந்தாலும் வலி சில நாள் ஏறத்தான் செய்யும். பேசிங் வலியை இல்லாமல் ஆக்கிவிடாது. ஏற்ற இறக்கத்தின் உயரத்தைக் குறைக்கிறது, அதனால் செய்ய முடிகிற வேலை கூடுகிறது. அந்த ஏறிய நாட்களுக்கு முன்கூட்டியே ஒரு ஏற்பாடு வேண்டும். இறுக்கத்துக்குச் சுடு ஒத்தடம், சூடாக வீங்கிய மூட்டுக்குக் குளிர் ஒத்தடம், இட்லிக்குக் கடை, கோயிலுக்கு நாளைக்கு. வலி தணிந்த பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்கக் கூடாது. 15 நிமிடம் நின்றவர் ஏழு எட்டு நிமிடத்தில் தொடங்கி, ஒரு வாரம் பத்து நாளில் பழைய இடத்துக்கு வரலாம்.

அலாரம் வைக்கத் தொடங்கியதும் ஒரு நாற்பது பக்க நோட்டும் வாங்கிவிடுங்கள். நாளுக்கு ஒரு வரி போதும்: எவ்வளவு நேரம் நின்றீர்கள், வலி பத்துக்கு எத்தனை, தூக்கம் எப்படி. கூட்டமான புறநோயாளிப் பிரிவில் மருத்துவருக்கு உங்களோடு பேசச் சில நிமிடம்தான் கிடைக்கும். "ரொம்ப வலிக்குது டாக்டர்" என்பதைவிட ஒரு மாத வரிகளைக் காட்டினால் மருந்தை மாற்ற வேண்டுமா என்று அவரால் முடிவெடுக்க முடியும். ஆனால் சில விஷயங்களுக்கு நோட்டையும் அலாரத்தையும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. காய்ச்சலோடு ஒரே மூட்டு சிவந்து வீங்குவது, கை கால் திடீரென்று பலமிழப்பது, முதுகு வலியோடு சிறுநீர் மலம் கட்டுப்பாடு போவது அல்லது தொடையிடுக்கு மரத்துப்போவது, நெஞ்சு வலி. இவை வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. தேவைப்பட்டால் 108.